போயா நாளில் எண்ணியவை

என்னுடைய முதலாவது மாதிரியை உம்மா வடித்துவிட்டார்.

பழகிப் பார்ப்பதற்காகக் குளக்கரையில் நின்று ஒரு தடவை வலை இழுத்து, கிடைத்ததை ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்திருந்தேன். கெடாமல் இருக்க அதில் ஊற்ற வேண்டிய போமலின் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்தது. காலையில் எடுத்துப் போகலாம் என்று நினைத்து உடுப்பு மாற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அதுல புழு துள்ளிக்கிட்டுக் கிடந்திச்சு மகள்,” என்றார் உம்மா. “சீலையில வடிச்சுப்போட்டு முருங்கைக்கு ஊத்திட்டன். நல்ல தண்ணி, வீணாக்கல்ல.”

“அந்தப் புழுவுக்காகத்தான் உம்மா நான் போனதே.”

உம்மா கையில் இருந்த சீலைத் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “புழு எடுக்கவா ரெண்டு பஸ் ஏறிப் போனாய்? நம்மட பெரல்ல இல்லாத புழுவா?”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்து இறங்கினோம், அப்போது எனக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர்தான். கடல் தண்ணீர் புகுந்து நிற்கும் களப்பு கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் வேறென்ன வரும்? குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். வரிசையில் நின்று பிடித்து, பெரலில் ஊற்றி, சீலையில் வடித்து, கொதிக்க வைத்து எங்களை வளர்த்தவர் அவர். தண்ணீருக்குள் ஏதாவது அசைந்தால் அவருடைய கை தானாகச் சீலையைத் தேடும். நான் தேடிப்போனது எதுவோ, அதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் வடித்து எறிந்திருக்கிறார்.

நான் அப்போது புத்தளத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடந்த காலம். எனக்கு அந்தப் பேச்சில் அலுப்புத் தட்டியிருந்தது. சனி, ஞாயிறுகளில் வெளியூர் போய் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்தேன். பட்டம் கிடைக்க ஓர் ஆய்வு செய்ய வேண்டும். களப்பில் செய்கிறேன் என்றேன். என்னை மேற்பார்வை செய்த பேராசிரியர், களப்பை எல்லாரும் கிண்டிக் கிளறியாகிவிட்டது, உள்ளே போய் ஒரு குளத்தைப் பிடியுங்கள் என்றார். அந்தக் குளத்தில் விலங்குப் பிளாந்தன் எவ்வளவு இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை போனால் போதும் என்றார்.

விலங்குப் பிளாந்தன் என்றால் பெரிய விசயம் ஒன்றும் இல்லை. தண்ணீரோடு அலையும் மிகச் சிறிய உயிர்கள். கண்ணுக்குத் தூசி போலத் தெரியும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தால்தான் ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்று விளங்கும். தலையில் மயிர்ச் சக்கரம் சுழற்றும் றொட்டிபர் ஒரு கூட்டம். வயிற்றுக்குள் முட்டையோடு திரியும் நீர்த்தெள்ளு இன்னொரு கூட்டம். ஒற்றைக் கண்ணும் நீண்ட மீசையுமாக ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால் எங்கள் பாடசாலைப் பிரதி அதிபரின் ஞாபகம் வரும். மீன்குஞ்சுகள் இவற்றைத்தான் தின்று வளர்கின்றன. ஆகவே இவை எவ்வளவு இருக்கின்றன என்று தெரிந்தால், குளத்தில் எவ்வளவு மீன்குஞ்சு விடலாம் என்றும் சொல்லலாம்.

எனக்கு இருந்த ஒரே சிக்கல் நாள். கிழமை நாளில் பாடசாலை. சனி, ஞாயிறு படிப்பு. மிச்சம் இருந்தது போயா விடுமுறை மட்டும். ஒவ்வொரு மாதமும் முழு நிலா நாளில் நாடு முழுவதும் லீவு. மாதம் ஒரு தடவை போகச் சொன்னார்கள், போயாவும் மாதம் ஒன்று. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

வள்ளமும் அதற்கு ஏற்ற மாதிரியே கிடைத்தது. அந்தக் குளத்தில் மீன் பிடிப்பவர்களில் ஒருவர் முந்தல் என்ற ஊரைச் சேர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். கடல் தொழில் குடும்பம். குளத்தோரத்துச் சிங்களக் கிராமத்தில் கல்யாணம் முடித்து, அங்கேயே தங்கி, கடல் வலையை விட்டுக் குளத்து வலைக்கு மாறியவர். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அக்காவுக்குத் தமிழ் வராது, எனக்கிருந்த சிங்களம் பஸ்ஸில் இறங்க மட்டும்தான் உதவும்.

“போயாவில நாங்க வலை போடுறதில்ல மிஸ்,” என்றார் அண்ணன், நான் முதல் நாள் கேட்டபோது. “ஊர் வழக்கம். நான் வேதக்காரன் எண்டாலும் ஊரோட ஒத்துப் போகவேணும்தானே. வள்ளம் சும்மாதான் கிடக்கும். வாங்க, கூட்டிக்கொண்டு போறன்.”

எல்லாம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தனியாக ஓர் ஆணோடு வள்ளத்தில் போக உம்மா விடமாட்டார். வள்ளத்தில் ஏறவும் மாட்டார். ஆகவே ஒவ்வொரு போயாவுக்கும் என்னோடு பஸ்ஸில் வந்து, குளக்கட்டுக்குக் கீழே அண்ணனுடைய வீட்டுப் படலைக்கு முன்னால் நின்ற மருத மரத்தடியில், குடையும் தஸ்பீஹ் மணியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பஸ் முழுக்க வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகும் சனம். நடுவில் நாங்கள் இருவர் கறுப்பு அபாயாவோடு. நெட்டுக்குத்தாக நிற்க வேண்டி வந்ததே இல்லை, யாராவது எழும்பி உம்மாவுக்கு இடம் கொடுத்துவிடுவார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அக்கா இரண்டு கிளாஸில் தேத்தண்ணி கொண்டு வருவார். உம்மா நெஞ்சில் கையை வைத்து, தலையை ஆட்டி, வேண்டாம் என்று சிரிப்பார். உம்மாவுக்கு அன்றைக்கு நோன்பு. ஒவ்வொரு பிறை மாதத்திலும் நடுவில் மூன்று நாள் சுன்னத்தான நோன்பு பிடிப்பது அவருடைய வழமை. கடமையில்லாத நோன்பை வெளியில் சொல்லித் திரிவது அவருக்குப் பிடிக்காது. நானும் வாயைத் திறக்கக் கூடாது. ரமழானில் வந்த போயா தவிர, நான் என் பங்கை மடமடவென்று குடித்துவிட்டு வள்ளத்துக்கு ஓடிவிடுவேன். புத்தர் பிறந்த நாளான வெசாக் போயாவில் வீதியோரத்தில் சர்பத் கொடுத்தார்கள். அதற்கும் உம்மா நெஞ்சில் கையை வைத்தார். ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, அக்கா ஒரே ஒரு கிளாஸ் மட்டும் கொண்டு வந்தார். நான் அதைக் கவனித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

குளத்தில் ஐந்து இடங்களைத் தெரிந்து வைத்திருந்தேன். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடி, நடுக்குளம், குளம் நிறைந்தால் தண்ணீர் வழிந்து வான் பாயும் பக்கம், பட்ட மரங்கள் நிற்கும் இடம், பிறகு தண்ணீர் மெலிந்து புல்லோடு முடிகிற அலைகரை. ஒவ்வொரு இடத்திலும் அண்ணன் வள்ளத்தை ஒரே வேகத்தில் வலிப்பார். நான் துணி வலையை இழுப்பேன். வலை என்றால் ஒரு பெரிய வடி போல, கூம்பிய சீலைப் பை, நுனியில் சின்னப் போத்தல். உம்மா முதல்முறை அதைப் பார்த்துவிட்டு, “இதுவும் சீலைதானே, நான் வடிச்சதுக்கு மட்டும் ஏசினாய்,” என்றார்.

வாரம் முழுவதும் பாடசாலை விட்ட பிறகு ஆய்வுகூடத்தில் இருந்து எண்ணுவேன். பிளாந்தன் எண்ணுவது மனிதனைச் சாந்தப்படுத்தும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கழுத்து வலிக்கும், கண் எரியும். யாராவது வந்து “மிஸ், சோக் கட்டி இருக்கா?” என்று கேட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. ஊருக்குப் போவதா இருப்பதா என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்த நுணுக்குக்காட்டியின் வட்டம். அந்த வட்டத்துக்குள் நான் நேர்மையாக இருந்தேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை.

எண்ணிக்கை குறைவாகவே வந்தது. ஐந்து இடத்திலும் குறைவு, மாதத்துக்கு மாதம் குறைவு. துருசடியில், தண்ணீர் ஆழமான இடத்தில், மிகவும் குறைவு. அயலில் உள்ள குளங்களைப் பற்றி வாசித்ததோடு ஒப்பிட்டால் எங்கள் குளம் பஞ்சம் பிடித்த குளமாகத் தெரிந்தது.

பத்து மாதம் முடிந்த நேரத்தில் மீனவர் சங்கத்தின் கூட்டம் வந்தது. மழைக்குக் குளம் நிறைந்ததும் அரச பண்ணையிலிருந்து மீன்குஞ்சு வரும். அந்த முறை எவ்வளவு கேட்பது என்று பேச ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். அண்ணன்தான் எழுந்து, “எங்கட மிஸ் ஒரு வருசமா எண்ணுறா, அவவிட்டக் கேளுங்க,” என்று சொன்னார். அவருடைய குரலில் ஒரு சந்தோசம். தன் வள்ளத்தில் நடந்த வேலை என்பதால் இருக்கலாம்.

நான் எண்ணிக்கை வரைபை விரித்துக் காட்டினேன். குளத்தில் குஞ்சுகளுக்கு உணவு போதாது, அதிகம் விட்டால் வளராது, பாதி போதும் என்று விளக்கினேன். உத்தியோகத்தர் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். சங்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“ஆனா மிஸ், படுற மீன் கொழுத்துத்தானே இருக்கு?”

“அது கண்ணுக்குத் தெரியிறது அண்ணன். எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்,” என்றேன்.

வகுப்பில் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். உத்தியோகத்தர் பாதி என்று எழுதிக்கொண்டார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அகதி முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த பிள்ளை ஒரு குளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது மாதமும் முடிந்தது. ஆய்வை எழுதி முடித்து, கடைசியில் மாதிரி எடுத்த திகதிகளை அட்டவணையாகப் போட வேண்டியிருந்தது. குறிப்புக் கொப்பியில் சில திகதிகள் தண்ணீர் பட்டுக் கலங்கியிருந்தன. சரிபார்ப்பதற்காகச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கொடுத்தது. போயா நாட்களில் சின்னதாக ஒரு மஞ்சள் வட்டம் போட்டிருப்பார்கள். மஞ்சள் வட்டத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே போனேன். ஏழாவது திகதியிலோ எட்டாவதிலோ கை நின்றது.

அந்த வட்டம் லீவுக்கான அடையாளம் அல்ல. அது நிலவு.

பகல் இரண்டு மணி. வெளியில் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டுக் கேட்டது. நிலவைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன். இருட்டில் பிளாந்தன் மேல்தண்ணீருக்கு வந்து மேயும். நிலவு வெளிச்சம் பிடித்துக்கொண்டால் சின்ன மீன்களுக்கு இரவிலும் கண் தெரியும். மேலே வந்ததையெல்லாம் தின்றுவிடும், தப்பியவை அடியில் பதுங்கும். நிலவு தேய்ந்த பிறகுதான் மறுபடியும் பெருகும். சில நீர்த்தேக்கங்களில் அப்படி நடந்திருக்கிறது. எங்கள் குளத்தில் நடக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லவே முடியாது, ஏனென்றால் வேறு எந்த நாளிலும் நான் அந்தக் குளத்தில் எண்ணியதில்லை. ஒரு வருடமாக, பன்னிரண்டு தடவையும், முழு நிலாவில் மட்டும் போயிருக்கிறேன்.

குசினிக்குப் போனேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“உம்மா, குளத்துக்குப் போன நாளெல்லாம் நீங்க நோன்புதானே?”

“ஓம். பிறை பதின்மூண்டு, பதினாலு, பதினஞ்சு. வெள்ளை நாள் நோன்பு.” அவர் மீனைத் திருப்பிப் போட்டார். “ராவெல்லாம் நிலவு வெள்ளையா இருக்கிற நாள். அதுக்கென்ன?”

பிறை பார்த்து நோன்பு பிடித்து, பிறை பார்த்துப் பெருநாள் கொண்டாடும் வீட்டில் பிறந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மாவின் வெறும் வயிறே எனக்கு நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பஸ்ஸில் இருந்த வெள்ளை உடுப்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சும்மா கிடந்த வள்ளமும் சொன்னது. எனக்கு அது லீவு நாள் என்று மட்டும்தான் கேட்டது.

பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். இந்த நாட்டில்தான் இப்படிப் பிழை விடலாம் என்றார். ஆய்வுக்கு ஒன்றும் ஆகாது, குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு பந்தி எழுதிச் சேர்த்துவிடுங்கள், காலத்துக்குச் சமர்ப்பித்துவிடுங்கள் என்றார். என் பட்டம் ஒரு பந்தியில் தப்பிவிட்டது.

குளத்துக்குப் பந்தி சேர்க்க முடியாது. மறுநாளே உத்தியோகத்தரைப் பார்க்கப் போனேன். பட்டியல் போய்விட்டது மிஸ், மிச்சப் பாதியை வேறொரு குளத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றார். புதிய எண்ணிக்கை கொண்டு வந்தால் அடுத்த வருடத்துக்குப் பார்க்கலாம். நல்ல மனிதர், என்னைக் கடிந்து பேசவில்லை. எழும்பும்போது ஒன்று சொன்னார். “நீங்க சொல்லாட்டி சங்கத்து ஆக்களுக்கு ஒருநாளும் தெரிய வராது.”

ஆறுதலுக்காகச் சொன்னார். ஆனால் அந்த வசனம் இரண்டு வாரம் என்னைப் படுத்தியது. உண்மைதான், தெரிய வராது. அடுத்த வருடம் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த வருடத்தை மழையின் மீதோ வெயிலின் மீதோ போட்டுவிடலாம். பாடசாலைக்குப் போகும் வழியில் அதை ஒருமுறை வசனமாகவே அமைத்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் “கொழுத்துத்தானே இருக்கு” என்ற குரல் வந்து நிற்கும். பதிலுக்கு நான் சொன்னதும் கூடவே வரும்.

கடைசியில் பாடசாலையில் லீவு போட்டு, அமாவாசைக்கு அண்ணனிடம் வரலாமா என்று கேட்டேன். அது அவருக்குத் தொழில் நாள். ஏன் என்று கேட்காமல் வாங்க மிஸ் என்றார். ஒரு புதன்கிழமை. பஸ்ஸில் வெள்ளை உடுப்பு ஒன்றும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளும் மரக்கறி மூட்டைகளும்தான். உம்மா முழுத் தூரமும் நின்றுகொண்டு வந்தார், இதற்கும் நான்தான் காரணம் என்பது போல என்னைப் பார்த்தார்.

துருசடியில் முதலில் வலையை விட்டேன். அதே தூரம், அதே வேகம், அதே காலை நேரம். தூக்கும்போதே கை பாரத்தை உணர்ந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பிளாந்தனுக்குப் பாரம் இல்லை. போத்தலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. வழக்கமாகத் தெளிந்து, அங்கொன்று இங்கொன்று துள்ளும் தண்ணீர், அன்றைக்கு அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி இருந்தது. முழுக்க உயிர். நடுக்குளத்திலும் அப்படித்தான். பட்ட மரத்தடியில் அதைவிட அதிகம். ஒரு விஞ்ஞான ஆசிரியைக்கு அது சந்தோசமான காட்சியாக இருந்திருக்க வேண்டும். நான் போத்தலைக் கையில் பிடித்தபடி அழுதேன்.

அண்ணன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தார். “என்ன மிஸ்? பழுதா?”

“இல்லை அண்ணன். நல்லா இருக்கு.”

கரையில் சங்கத்து ஆட்கள் நான்கைந்து பேர் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள். வள்ளம் ஒதுங்கியதும் அவர்களுக்கு முன்னால் வைத்தே சொன்னேன். நான் தமிழில் சொல்ல அண்ணன் சிங்களத்தில் சொன்னார். நான் எண்ணிய நாளெல்லாம் போயா. நிலவு நாளில் இவை இருக்காது, அல்லது அடியில் கிடக்கும். குளம் பஞ்சம் பிடித்த குளம் இல்லை. பாதி போதும் என்று நான் சொன்னது பிழை, பட்டியலை மாற்றக் கேட்டேன், காலம் கடந்துவிட்டது. இந்த வருடம் பாதிக் குஞ்சுதான் வரும். அதற்கு நான்தான் காரணம்.

கடைசி வசனத்தை அண்ணன் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஒருவர் காறித் துப்பிவிட்டுப் பழையபடி வலையைப் பிரிக்கத் தொடங்கினார். இன்னொருவர் ஏதோ கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள்.

“ஒரு வருசமா என்னத்த எண்ணினா எண்டு கேக்கிறார்,” என்றார் அண்ணன். “போயாவை எண்ணியிருக்கிறா எண்டு சொன்னன்.”

நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் வள்ளத்தை மணலில் ஏற்றிக் கட்டிவிட்டு, கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“போயாவுக்கு முந்தின, பிந்தின நிலவு நாளில எங்கட வலையிலயும் ஒண்டும் படாது மிஸ்,” என்றார். “வலை வெள்ளையாத் தெரியும், மீன் விலத்திப் போயிடும். அதுக்காகக் குளத்துல மீன் இல்லயெண்டு நாங்க சொல்றதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முழு வருடமும் அவர் துடுப்பு வலித்தார், நான் வலை இழுத்தேன். அவரிடம் ஒருநாள் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் அவரிடம் கேட்டதெல்லாம் இன்னும் கொஞ்சம் மெதுவாக வலியுங்கள் என்பது மட்டும்தான்.

பிறகு ஆறு மாதம், நிலவு நாள், இருட்டு நாள், அரை நிலவு நாள் என்று மாற்றி மாற்றிப் போய் எண்ணினேன். ஒரு நாள் மாதிரி எதையும் நிரூபிக்காது என்பதை இனியாவது நான் அறிந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்த வருடம் முழுப் பங்கும் வந்தது. ஆனால் அந்த வருடம் பாதிதான், அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமையின் மிச்சத்தை.

முகத்தைக் கழுவிக்கொண்டு மருத மரத்தடிக்கு வந்தேன். அக்கா வழக்கம் போல ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். உம்மா அந்தக் கிளாஸைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு குடிப்பது போலக் கையால் காட்டி, “எனக்கில்லயா?” என்று தமிழிலேயே கேட்டார்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். பிறகு வீட்டுக்குள் ஓடினார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பூப்போட்ட கோப்பை, அடியில் அதற்குப் பொருத்தமான பீரிசு, பக்கத்தில் ஒரு தட்டில் வாழைப்பழமும் பிஸ்கட்டும். நல்ல கோப்பையைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தார். உம்மா பிஸ்மி சொல்லி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். அக்கா அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு அண்ணனிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது.

“உங்கட உம்மா எங்கட வீட்டுல ஒண்டும் வாயில வைக்கமாட்டா எண்டு நினைச்சிருந்தாவாம்,” என்றார் அண்ணன். கொஞ்சம் கூச்சப்பட்டார். “முஸ்லிம் ஆக்கள்தானே, எங்கட பாத்திரம் சரிவராதாக்கும் எண்டு. ஒவ்வொரு தரமும் குடுத்துப் பார்த்தாவாம். ஒருக்காவும் எடுக்கல்ல. அதுக்குப் பிறகுதான் விட்டுட்டாவாம்.”

நான் உம்மாவைப் பார்த்தேன்.

“வந்த நாளெல்லாம் நோன்புதானே,” என்றார் உம்மா. “அத நான் வாயால சொல்லலாமா?”

அண்ணன் அதை அக்காவுக்குச் சொன்னார். அக்கா விரல் விட்டு மாதங்களை எண்ணுவது தெரிந்தது. வெசாக் வந்த இடத்தில், எல்லாமே போயா நாள் என்று விளங்கி விரல் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், கலண்டரை மடியில் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் இருந்தேன். அவரும் என்னைப் போலவே ஒரு தடவையும் தவறாமல் பார்த்திருக்கிறார். அவருடைய எண்ணிக்கையிலும் பிழை இல்லை.

உம்மா வெறும் கோப்பையை அக்காவிடம் நீட்டினார்.

“இன்னொருக்கா ஊத்தச் சொல்லு மகள்,” என்றார். “சீனி கொஞ்சம் கூட.”